எல்க் வேட்டை: .308 போதுமா, .300 மேக்னத்துக்கு மாற வேண்டுமா?

புதுத்தடம் | ஜூன் 12

வணக்கம். டென்வர் பக்கம் வந்து ஆறு வருடம் ஆகிறது. முயலுக்கும் க்ரௌஸ் பறவைக்கும் மூன்று பருவம் போயிருக்கிறேன். பெரிய விலங்கு எதுவும் சுட்டதில்லை. இந்த வருடக் குலுக்கலில் பெண் எல்க்குக்கு (வட அமெரிக்காவின் பெரிய மான்) அனுமதி கிடைத்துவிட்டது. இடம் கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ் மலை, அக்டோபர் கடைசியில் தொடங்கும் இரண்டாவது ரைபிள் பருவம்.

என்னிடம் .308 வின்செஸ்டர் ரைபிள், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் இருக்கிறது. 22 அங்குலக் குழல், 3-9 மடங்கு ஸ்கோப், எல்லாம் சேர்த்து எட்டு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. தோட்டா வாங்கப் போன கடையில், ".308 மானுக்குத்தான் சரி. எல்க் என்றால் .300 வின்செஸ்டர் மேக்னத்துக்குக் கீழே போகாதே" என்றார்கள். (மேக்னம் என்றால் இன்னும் சக்திவாய்ந்த தோட்டா.) புது ரைபிள், ஸ்கோப், தோட்டா என்று கணக்குப் போட்டால் நல்ல தொகை வருகிறது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். விலங்கைக் காயப்படுத்தி அலையவிடக் கூடாது, அதுதான் என் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுக்காடு | ஜூன் 12

வாழ்த்துகள் தம்பி. முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 காலிபர் (அங்குலத்தில் குழல் விட்டம்), 85 கிரெய்ன் (சுமார் ஐந்தரை கிராம்) எடையுள்ள விரியும் வகைக் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல், 16 அங்குலக் குழல். உங்கள் .308 இதை வெகுவாகத் தாண்டிவிட்டது. 165 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பினால் குழல் வாயில் சுமார் 2,670 அடி-பவுண்டு. 300 கெஜத்தில் 1,700 அளவுக்கு மிச்சம் இருக்கும். எல்க்கைத் தொடும்போது 1,500 இருந்தால் நல்லது என்று பழைய வேட்டைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்குக்கும் சரியாக வருகிறது.

.300 மேக்னம் 180 கிரெய்ன் குண்டை 2,960 அடி வேகத்தில் அனுப்பும். 3,500 அடி-பவுண்டு. பெரிய எண்தான். ஆனால் தோளில் வரும் உதை .308-ஐப் போல ஒன்றரை மடங்கு.

என் கதையைச் சொல்கிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் முதல் எல்க் வேட்டைக்கு நண்பர் ஒருவரின் .300 மேக்னத்தை வாங்கிக்கொண்டு போனேன். பயிற்சிக் களத்தில் பத்து தோட்டா சுட்டதோடு சரி. பத்தாவது தோட்டாவுக்கே விசையைத் தொடும்போது கண் தானாக மூட ஆரம்பித்துவிட்டது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையில் 320 கெஜத்தில் ஒரு கொம்பன். சுட்டேன். அப்படியே மடிந்து விழுந்தது. சந்தோஷத்தில் அடுத்த தோட்டாவைக்கூட ஏற்றவில்லை. அரை நிமிடத்தில் எழுந்து மரங்களுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் தேடினேன். முதல் நாள் இரவே பனி கொட்டி, இருந்த ரத்தத் தடமும் மூடிவிட்டது. கடைசி வரை கிடைக்கவில்லை. என் கையிலிருந்த துப்பாக்கி போதாததாக இருக்கவில்லை. அதை என்னால் பயமில்லாமல் சுட முடியவில்லை, குண்டு மேலே போய்விட்டது. இன்றைக்கும் அந்தச் சரிவைக் கடக்கும்போது மனது கனக்கிறது.

.308-ஐ வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகுங்கள்.

வடதிசை | ஜூன் 13

தம்பி, நான் கால்கரியில் இருக்கிறேன். மேட்டுக்காடு சொன்ன கடைசி வரியோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊரில் மரை (கடமான்) பார்த்த ஆட்களுக்கு எல்க்கின் பருமன் உடனே பிடிபடாது. வன்னியில் பார்த்த பெரிய கொம்பு மரைதான் இங்கே ஒரு சாதாரணப் பெண் எல்க்கின் எடைக்கு வரும், 225 கிலோ அளவில். ஆண் 320 கிலோ, அதற்கு மேலும் போகும். (வெள்ளைக்காரர் இலங்கையில் மரையைத்தான் 'எல்க்' என்று எழுதி வைத்தார்கள். நுவரெலியாப் பக்கத்துப் பழைய வேட்டைக் குறிப்புகளில் எல்க் என்று வந்தால் அது மரை.)

நான் .338 வின்செஸ்டர் மேக்னம் பாவிக்கிறேன், 225 கிரெய்ன் சன்னம் (குண்டு). என்ன காரணம்? மலையடிவாரத்தில் காற்று ஓயாது, விலங்கு எப்போதும் பக்கவாட்டில் வந்து நிற்பதும் இல்லை. தோள் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டிய நேரத்தில் கனமான சன்னம் கை கொடுக்கும். அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழுத்தலாம். கரடி உலாவுகிற காட்டில், இருட்டப் போகும் நேரத்தில், அது சின்ன விஷயம் இல்லை.

நெய்தல் | ஜூன் 13

வடதிசை அண்ணா, உங்கள் கையில் .338 சரி, ஏனென்றால் நீங்கள் அதைப் பல வருடமாகச் சுடுகிறீர்கள். புதிதாக வருகிறவருக்கு அதையே சொல்ல முடியாது.

நான் மொன்டானாவில், போஸ்மன் பக்கம். இங்கே ரைபிள் காலிபருக்குக் குறைந்தபட்ச விதியே கிடையாது, அதனால் தீர்மானம் முழுக்க நம் மனசாட்சியிடம்தான். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே, உடல் எடையும் குறைவு. 6.5 க்ரீட்மூர் என்ற சின்ன காலிபர் ரைபிள் வைத்திருக்கிறேன். அதில் நான்கு எல்க், ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் 250 கெஜத்துக்கு மேல் விசையைத் தொட மாட்டேன், முன்பக்கம் திரும்பி நிற்கும் விலங்கையும் சுட மாட்டேன். சின்ன காலிபரின் விலை அதுதான். தூரமும் கோணமும் குறுகிவிடும், அதை ஒப்புக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

இந்தச் சண்டை புதிது இல்லை. அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் வாழ்நாள் முழுக்கச் சின்ன காலிபரான .270-க்காக எழுதினார். இன்னொரு எழுத்தாளர் எல்மர் கீத் பெரிய காலிபர், கனமான குண்டு என்றே நின்றார். இருவரும் நிறைய எல்க் எடுத்தவர்கள். இருவருமே நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள் என்பதைத்தான் அவர்களை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

புதுத்தடம், காலிபரைவிடக் குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். மெல்லிய செப்பு உறைக்குள் வெறும் ஈயம் வைத்த சாதாரணக் குண்டு மானுக்குப் போதும். எல்க்கின் தோளில் பட்டால் உள்ளே போவதற்கு முன்பே சிதறிவிடலாம். 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கனடாவில் ஒரு மூஸை (எல்க்கைவிடப் பெரிய மான் இனம்) சுட்டபோது இதேதான் நடந்தது. சக்திவாய்ந்த .300 மேக்னம் வகைத் துப்பாக்கிதான், ஆனால் குண்டு ஆழமாக இறங்கவில்லை. திரும்பி வந்து நடுவில் செப்புத் தடுப்பு வைத்த குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பாதி எடை குறையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அதுதான் பார்ட்டிஷன், இன்னும் விற்கிறார்கள். இப்போது ஈயத்தை உறையோடு ஒட்டிய பாண்டட் வகை இருக்கிறது, பார்ன்ஸ் நிறுவனத்துடையது போல முழுச் செம்பும் இருக்கிறது. .308-க்கு பாண்டட் என்றால் 165 அல்லது 180 கிரெய்ன். முழுச் செம்பு என்றால் 150 எடுங்கள். செம்பு விரிய வேகம் வேண்டும், எடையோ குறையாது, அதனால் ஒரு படி லேசானதே போதும்.

நான் செம்புக்கு மாறியதற்கு இன்னொரு காரணம், என் பிள்ளைகள் அந்தக் கறியைச் சாப்பிடுகிறார்கள். ஈயம் சிதறினால் காயத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக்கூடத் துகள் கிடக்கும்.

கேணிக்கரை | ஜூன் 14

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் துப்பாக்கியே தொடக் கூடாது என்று அலுவலகத்தில் சொன்னார்களே?

மேட்டுக்காடு | ஜூன் 14

பாதி உண்மை. குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கு ஒரு விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியான வேட்டை உரிமம் கையில் இருப்பது. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். அதனால் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், விசா விஷயத்தில் அரைகுறை வேண்டாம். வேட்டைக் கல்வி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் கொலராடோவில் அது கட்டாயம்.

புதுத்தடம் | ஜூன் 15

எல்லோருக்கும் நன்றி. .308-இலேயே நிற்கிறேன். 165 கிரெய்ன் பாண்டட் நான்கு பெட்டி வாங்கிவிட்டேன், எல்லாம் ஒரே தயாரிப்பு எண்.

இப்போது அடுத்த கேள்வி. எங்கே சுடுவது? 'தோளுக்குப் பின்னால்' என்கிறார்கள். எவ்வளவு பின்னால்? எவ்வளவு உயரத்தில்? படம் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

மேட்டுக்காடு | ஜூன் 15

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பொறுமையாக எழுதுகிறேன்.

எல்க்கின் முன்கால் நேராக மேலே ஏறிப் போவதில்லை. முழங்கை மூட்டிலிருந்து ஒரு எலும்பு முன்பக்கம் சாய்ந்து தோள் முனைக்குப் போகிறது. அங்கிருந்து தோள்பட்டை எலும்பு மறுபடி பின்னால் சாய்ந்து மேலே ஏறுகிறது. பக்கவாட்டில் பார்த்தால், முன்பக்கம் கூர் வைத்த ஒரு கோணம். அந்தக் கோணத்தின் பின்னால் இருக்கும் குழிவில்தான் நுரையீரலின் தடித்த பகுதியும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. இதயம் அதற்கும் கீழே, முழங்கையை ஒட்டி, நாம் நினைப்பதைவிட முன்னாலும் தாழ்வாகவும் இருக்கும்.

விலங்கு பக்கவாட்டில் நின்றால், முன்காலின் பின் ஓரத்தைப் பிடித்து நேராக மேலே போங்கள். நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நில்லுங்கள். அதுதான் இடம். இரண்டு நுரையீரலும் போகும், கொஞ்சம் தாழ்ந்தால் இதயம், கொஞ்சம் உயர்ந்தாலும் நுரையீரல்தான்.

தவறு நடப்பது இரண்டு பக்கம். பயத்தில் 'தோளுக்குப் பின்னால்' என்று ஒரு சாண் தள்ளிப் போனால் கல்லீரல், இன்னும் போனால் இரைப்பை. அது மெதுவான சாவு. இன்னொன்று மேலே போவது. முதுகெலும்பு முதுகின் மேல்கோட்டில் ஓடுவதில்லை. தோளுக்கு நேரே அது நன்றாகக் கீழே இறங்கி ஓடும். அதற்கு மேலே தெரிவது நீண்ட முள்ளெலும்புகளும் சதையும்தான். அங்கே பட்டால் அதிர்ச்சியில் விலங்கு இடி விழுந்ததுபோல மடியும், அப்புறம் எழுந்து போய்விடும். என் கொம்பனுக்கு நடந்தது அதுதான் என்று பிறகு புரிந்தது.

நெய்தல் | ஜூன் 16

அண்ணா சொன்னதோடு கோணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குண்டு எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே வெளியே வரும் என்று யோசிக்க வேண்டும். தலை அந்தப் பக்கமும் பின்பாதி நம் பக்கமுமாகச் சாய்ந்து நின்றால் எதிர்ப்பக்க முன்காலை மனதில் வைத்துக் குறி பாருங்கள். நுழைவது கடைசி விலா எலும்புகளுக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம், பாதை நெஞ்சுக்குள் போகும். எனக்கு மிகவும் பிடித்த கோணம் இது.

நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றால் தோள் முனை எலும்பு வழியில் வரும். வடதிசை அண்ணாவின் .338-க்கு அது முடியும். முதல் எல்க், .308 என்றால் காத்திருங்கள். நேருக்கு நேர் நின்றாலும், பின்புறம் காட்டி நின்றாலும், தலை மட்டும் தெரிந்தாலும் சுடவே வேண்டாம். தலை அசைந்துகொண்டே இருக்கும். தாடை உடைந்த விலங்கு பட்டினியில் பல நாள் துடித்துச் சாகும்.

எல்க் கூட்டமாக நிற்கும் விலங்கு என்பதையும் மறக்காதீர்கள். நல்ல குண்டு ஊடுருவிப் போகும். பின்னால் இன்னொன்று நின்றால் இரண்டுக்கும் படும்.

வடதிசை | ஜூன் 16

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. சரிவைப் பற்றி மட்டும் ஒன்று. மேலிருந்து கீழே சுட்டாலும் கீழிருந்து மேலே சுட்டாலும் சன்னம் விழுவது கிடைமட்டத் தூரத்தை வைத்துத்தான். 30 பாகைச் சரிவில் 300 கெஜம் என்றால் 260-க்கு உரிய குறிதான் வேண்டும். மேலிருந்து சுடும்போது நுழைவது சற்று உயரத்தில் இருக்கும், வெளியே வருவது தாழ்வில்.

புதுத்தடம் | ஆகஸ்ட் 24

இரண்டு மாதப் பயிற்சியின் கணக்கு. குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை 200 கெஜத்தில் சரிசெய்து வைத்திருக்கிறேன். 300-இல் எட்டு, ஒன்பது அங்குலம் கீழே விழுகிறது. 400-இல் இரண்டடி. மேசையில் வைத்துச் சுட்டால் 300-இல் எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகின்றன. மேசையை விட்டு எழுந்ததும் நிலைமை மாறிவிட்டது. உட்கார்ந்து, இரட்டைக் குச்சித் தாங்கியில் வைத்தால் 200 வரை ஐந்துக்கு ஐந்தும் தட்டில். 250-இல் ஐந்துக்கு மூன்று. நின்றுகொண்டு சுட்டால் 80 கெஜத்துக்கு மேல் நம்பிக்கை இல்லை.

மேட்டுக்காடு | ஆகஸ்ட் 24

அப்படியென்றால் உங்கள் தூரம் 200 கெஜம், தம்பி. ரைபிளால் 300 முடியும், உங்களால் இந்த வருடம் 200. மலையில் 10,000 அடி உயரத்தில் மூச்சு வாங்கும்போது அதுவும் குறையும். சுடுவதற்கு முன்னால் மூட்டைமுடிச்சை இறக்கிவிட்டு நான்கு மூச்சு விடுங்கள்.

சுட்ட பிறகு என்ன செய்வது என்றும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எல்க் அடி வாங்கியதைக் காட்டாது. இரண்டு நுரையீரலும் ஓட்டையான நிலையில் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும். நின்றுகொண்டிருக்கும் வரை, கோணம் சரியாக இருந்தால், மறுபடி சுடுங்கள். இரண்டு குண்டால் வீணாகிற கறியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓடிவிட்டால் நின்ற இடத்தையும் கடைசியாகப் பார்த்த மரத்தையும் குறித்துவைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். இளஞ்சிவப்பில் நுரைத்த ரத்தம் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாகப் புல் கலந்து நாற்றம் அடித்தால் இரைப்பை, இன்னும் அதிக நேரம் விட வேண்டும். உடனே பின்னால் போனால் எழுப்பி விரட்டிவிடுவோம், ஒரு மைல் போய்விடும்.

விழுந்ததும் வேகம் வேண்டும். பனியே பெய்தாலும் அந்தத் தோலுக்கும் பருமனுக்கும் தொடையின் எலும்போரக் கறி சூட்டில் கெட்டுப்போகும். தோலை உரித்து நான்கு கால்களையும் பிரித்துக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பெண் என்பதற்கான அடையாளத்தை ஒரு துண்டில் இயற்கையாக ஒட்டியபடியே விட்டுவைக்க வேண்டும், அது சட்டம்.

புதுத்தடம் | நவம்பர் 6

திரும்பி வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் நாள் காலை, ஆஸ்பென் தோப்பின் ஓரத்தில் பதினைந்து எல்க் வரிசையாக வந்தன. 190 கெஜம். குச்சியில் வைத்து, குறியும் நிலையாக நின்றது. ஆனால் நான் பார்த்த பெண்ணுக்குப் பின்னால் இரண்டு குட்டிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. ஆறு நிமிடம் காத்திருந்தேன். காற்று திரும்பியது, கூட்டமே போய்விட்டது. நெய்தல் அக்கா எழுதியிருக்காவிட்டால் சுட்டிருப்பேன். இரண்டாம் நாள் பனி, ஒன்றுமே தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை, சூரியன் மறைய நாற்பது நிமிடம் இருக்கும். ஒற்றைப் பெண், 160 கெஜம், தலை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்று மேய்ந்துகொண்டிருந்தது. மூட்டையை இறக்கினேன், உட்கார்ந்தேன், மூச்சு விட்டேன். எதிர்ப்பக்க முன்காலை நினைத்துச் சுட்டேன். அது தலையைத் தூக்கிப் பார்த்தது, அவ்வளவுதான். தவறிவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டது. மறுபடி சுட்டேன். நாற்பது அடி நடந்து உட்கார்ந்தது, அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தது.

அதன் பக்கத்தில் போய் நின்றபோது எதுவும் பேச வரவில்லை. கூட வந்த நண்பர் தோளில் கைவைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். தலைவிளக்கு வெளிச்சத்தில் பிரித்து முடிக்க நான்கு மணி நேரம். மறுநாள் இருவரும் இரண்டு நடையில் இறக்கினோம். மான் இனங்களுக்கு வரும் தீராத மெலிவு நோய்ப் (CWD) பரிசோதனைக்குத் தலையைக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை கறி உறைபெட்டியில் இருக்கும்.

வடதிசை | நவம்பர் 6

சந்தோஷம் தம்பி! சன்னம் கிடைத்ததோ?

புதுத்தடம் | நவம்பர் 6

முதல் குண்டு எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் காளான் மாதிரி விரிந்து கிடந்தது. எடை போட்டேன், 165 கிரெய்ன் 138 ஆகியிருந்தது. இரண்டாவது வெளியே போய்விட்டது.

மேட்டுக்காடு | நவம்பர் 7

நெஞ்சைத் திறந்தபோது பார்த்தீர்களா? முதல் குண்டு எதையெல்லாம் தொட்டிருந்தது?

புதுத்தடம் | நவம்பர் 7

பார்த்தேன் அண்ணா. இந்தப் பக்கம் பின்னாலிருந்து நான்காவது, ஐந்தாவது விலாவுக்கு நடுவில் நுழைந்திருந்தது. இரண்டு நுரையீரலிலும் ஓட்டை, இதயத்தின் மேல் ஓரத்தில் குழாய் கிழிந்திருந்தது. கல்லீரலில் ஒரு கீறல்கூட இல்லை. எதிர்ப்பக்கம் குண்டு கிடந்த இடத்தைக் கையால் அளந்து பார்த்தேன். முழங்கை மூட்டிலிருந்து ஒரு சாண் மேலே, அரைச் சாண் பின்னால்.